ஃபுக்குஷிமாவில ஆளில்லாத ஊருக்குள்ள போகலாமா?

கேள்வி: சம்பூரான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறன், பொறுமையா வாசியுங்க.

நவம்பரில ஜப்பானுக்குப் போறன். தம்பி செண்டாயில வேலை செய்யிறான், ரெண்டு கிழமை அவனோட நிக்கிற யோசனை. அவனோட அறையில இருக்கிற பொடியன்கள் ஒரு சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டிருக்கிறாங்கள். கார் எடுத்து ஆறாம் இலக்க நெடுஞ்சாலையால கடற்கரைப் பக்கமாத் தெற்கே இறங்கி நமியே, ஃபுதபா பாத்து, பிறகு மலைப்பக்கம் ஏறி ஈத்தாத்தே எண்ட கிராமத்துக்கும் போறதாம். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்து அணு உலை வெடிச்ச நேரம் சனம் விட்டிட்டு ஓடின ஊர்கள். அதில ஒரு பொடியன் வீடியோ போடுறவன். பூட்டிக் கிடக்கிற வீடு ஒண்டுக்குள்ள போய் எடுத்தா நல்லா ஓடும் எண்டு சொல்லுறானாம்.

எனக்கும் அந்த ஊரைப் பாக்க ஆசைதான். அதை மறைக்கேல்ல. ஆனா இதைக் கேட்ட நாளில இருந்து ஒரு மாதிரி இருக்கு. ஏன் எண்டு சொல்லுறன்.

2006 சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்சு பத்துப் பன்னிரண்டு நாள். எனக்கு அப்ப பதினொரு வயசு. இலங்கையில போர் நேரம், திருகோணமலைப் பக்கம் எங்கட சம்பூரில ஷெல் விழத் தொடங்கினதும் அம்மா காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் ஒரு பால்மா பையில சுத்தி எடுத்தா. அப்பா பட்டிக்கு ஓடிப்போய் கண்டுக்குட்டியள் கட்டின கயிறு எல்லாத்தையும் அறுத்துவிட்டிட்டு வந்தார். அவிழ்க்க நேரமில்லை, கத்தியால அறுத்தார். ரெண்டு மூண்டு நாளில வந்திடலாம் எண்டுதான் எல்லாரும் சொன்னது. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். காணிக்குள்ள திரும்பக் கால் வைக்கேக்க எனக்கு இருபத்தொரு வயசு.

வீடு இல்லை. கதவு, நிலை, ஓடு, கல்லுக்கூட இல்லை. ஆள் உயரத்துக்குப் பத்தை. அப்பா எங்கட வளவைக் கண்டுபிடிச்சது கிணத்துக்கட்டை வச்சுத்தான். 2003இல கட்டுப் பூசேக்க ஈரச் சீமெந்தில அக்கா ஆணியால தன்ர பேரின்ர முதல் எழுத்தையும் வருசத்தையும் கீறி வச்சவ, அதுக்கு அப்பாட்ட அடியும் வாங்கினவ. பாசியைச் சுரண்டிப் பாத்தா அந்த எழுத்து அப்பிடியே கிடக்கு. அப்பா அதில கையை வச்சபடி கனநேரம் இருந்தார்.

பத்தை வெட்டிக்கொண்டு நிண்ட அந்த நாளுகளில வெளியில இருந்து சிலபேர் கமெராவோட வந்தாங்க. நல்லாத்தான் கதைச்சாங்க, தண்ணிப் போத்தல் எல்லாம் தந்தாங்க. அதில ஒருத்தர் அம்மாவைப் பாத்து, "கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கம்மா, ஆளில்லாத மாதிரி வரணும்" எண்டார். அம்மா தள்ளி நிண்டா. தன்ர வளவில, தன்ர குசினி இருந்த இடத்தில. அந்தச் சொல் இண்டைக்கும் எனக்கு மறக்கேல்ல.

அதால கேக்கிறன். ஒண்டு, அங்க கதிர்வீச்சு இப்ப எப்பிடி, ஒருநாள் போனா உடம்புக்கு ஏதும் வருமா? ரெண்டு, சட்டப்படி எவ்வளவு தூரம் போகலாம்? மூண்டாவதைத்தான் கட்டாயம் கேக்கணும் எண்டு வந்தனான்: வீட்டுக்குள்ள போறது சரியா? விளக்கமாச் சொன்னா தம்பியாக்களுக்கும் காட்டுவன்.

பதில் 1: உவர்மலை

தம்பி, நான் எக்ஸ்ரே பிரிவில பதினாலு வருசமா வேலை செய்யிறன். உங்கட முதல் கேள்விக்கு என்னால சொல்லலாம், மற்றதுக்கு வேற ஆக்கள் வருவினம்.

நெஞ்சு எக்ஸ்ரே ஒண்டு கிட்டத்தட்ட 20 மைக்ரோசீவெர்ட் (உடம்பில படுற கதிர்வீச்சை அளக்கிற அலகு). வெயில்ல காயிற மாதிரி நாங்க எல்லாரும் மண்ணில இருந்தும் வானத்தில இருந்தும் இயற்கையாவே கதிர்வீச்சு வாங்கிறம். உலகச் சராசரி வருசத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட், அதாவது 2,400 மைக்ரோ. புல்மோட்டைக் கறுத்த மண்ணை எல்லாரும் கண்டிருப்பீங்க. அதில இல்மனைட்டோட கொஞ்சம் மொனசைட்டும் கலந்து கிடக்கு, மொனசைட்டுக்குள்ள தோரியம் எண்ட கதிர்வீசுற பொருள் இருக்கு. அதால கதிர்வீச்சு எண்ட சொல்லைக் கேட்டவுடன நடுங்க வேண்டாம். எவ்வளவு, எவ்வளவு நேரம், வெளியில இருந்து படுதா இல்லாட்டி உடம்புக்குள்ள போகுதா எண்ட மூண்டையும் பாருங்க.

ஃபுக்குஷிமாவில 2011இல வெளிய வந்த கதிர்வீசுற பொருள்களில அயடின் 131க்கு அரை ஆயுள், அதாவது பாதியாக் குறைய எடுக்கிற காலம், 8 நாள். அது எப்பவோ முடிஞ்சுது. சீசியம் 134க்கு ரெண்டு வருசம், அதுவும் அநேகமாப் போயிட்டுது. மிச்சம் நிக்கிறது சீசியம் 137. அதுக்கு 30 வருசம், அதால இன்னும் பாதி கூடக் குறையேல்ல. ஆனா அது களிமண்ணில இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும், மேல் மண் அஞ்சு சென்ரிமீற்றருக்குள்ளதான் பெரும்பாலும் நிக்கும். அதாலதான் அவங்க வளவுகளிலயும் வயலிலயும் அந்த அஞ்சு சென்ரிமீற்றரைச் சுரண்டி அள்ளினாங்க. சுத்தம் செய்யிறதுக்கு வச்ச அளவு மணிக்கு 0.23 மைக்ரோசீவெர்ட். சனம் திரும்பலாம் எண்டு சொல்ல வச்ச எல்லை வருசத்துக்கு 20 மில்லிசீவெர்ட், அது மணிக்கு 3.8 மைக்ரோ மட்டில வரும். 20 கூட எண்டு சண்டை பிடிச்ச சனமும் கனக்க, அவையின்ர பயத்தில நியாயம் இருக்கு. நீங்க ஒருநாள் போறவர். மணிக்கு 2 மைக்ரோ இருக்கிற இடத்தில மூண்டு மணித்தியாலம் நிண்டாலும் 6 மைக்ரோதான், ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில மூண்டில ஒண்டும் இல்லை.

ஆனா இதை வச்சுக்கொண்டு எங்கயும் பூரலாம் எண்டு நினைக்காதேங்க. சுத்தம் செய்தது வீடு, ரோட்டு, வயல், வீட்டை ஒட்டின காட்டில ஒரு 20 மீற்றர். மலைக்காடு அப்பிடியே கிடக்கு. பீலித்தண்ணி விழுற இடம், பாசி, சருகுக் குவியல் இதுகளில சீசியம் சேந்து நிக்கும். காளான், காட்டுப்பண்டி இறைச்சி ஆர் தந்தாலும் வேண்டாம். அதோட, பதின்மூண்டு பதினாலு வருசம் மழை ஒழுகின மரவீட்டில உங்களைக் கதிர்வீச்சு கொல்லாது, இத்துப்போன தளம்தான் கொல்லும். எலிப்புழுக்கை, குளவிக்கூடு, காட்டுப்பண்டி எல்லாம் அதுக்குள்ள இருக்கும்.

பதில் 2: உப்புவெளி அக்கா

சம்பூரான் தம்பி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். உங்கட அம்மா தள்ளி நிண்ட இடத்தில எனக்குக் கண் கலங்கிட்டுது.

இவர் அங்க படிச்சதால நாங்க அஞ்சு வருசம் ஃபுக்குஷிமா நகரத்தில இருந்தம். எங்களுக்குக் கீழ்வீட்டில ஒரு பாட்டி. ஈத்தாத்தேயில இருந்து வந்தவ. அரசாங்கம் வாடகை குடுத்து வச்சிருந்த வீடு அது. அந்தக் கட்டடத்தில அப்பிடி நாலைஞ்சு குடும்பம். முதல்ல நான் அவவை அகதி எண்டு யோசிக்கவே இல்லை. துப்புரவா உடுத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் விடிய வாசலைக் கூட்டுவா. ஒருநாள் நானும் இடம்பெயர்ந்த ஊர்க்காரி எண்டு சொன்ன பிறகுதான் கதைக்கத் தொடங்கினா.

அந்த ஊரின்ர கதையை உங்கட தம்பியாக்கள் கட்டாயம் தெரிஞ்சுகொண்டு போகணும். ஈத்தாத்தே கடலில இருந்து உள்ளுக்க, மலையில. ஆறாயிரம் பேர் மட்டில இருந்த கிராமம். அணு உலையில இருந்து 20 கிலோமீற்றருக்குள்ள இருந்த சனத்தைத்தான் முதல்ல எழுப்பினது. ஈத்தாத்தே அதுக்கு வெளியில. அதால கடற்கரையில இருந்து ஓடி வந்த சனத்துக்கு இவைதான் சோத்து உருண்டை பிடிச்சுக் குடுத்து, பாய் விரிச்சுப் படுக்க வச்சது. மார்ச் 15 காத்து வடமேற்கா அடிச்சது. பின்னேரம் மழையும் பனியும். காத்தில வந்தது எல்லாம் அந்த மலையில இறங்கிட்டுது. ஊரை விட்டுப் போகச் சொல்லி அறிவிச்சது ஏப்ரல் 22. ஒரு மாசத்துக்கு மேல சனம் அதுக்குள்ளயே இருந்திருக்கு, பிள்ளைகளோட. நமியே சனத்துக்கும் இதே கதைதான். கரையை விட்டு மலைப்பக்கம் த்சுஷிமாவுக்கு ஓடினவை, அங்கதான் கூட விழுந்தது. காத்து எந்தப் பக்கம் போகும் எண்ட கணக்கு அதிகாரிகளிட்ட இருந்தும் சனத்திட்ட சொல்லேல்ல. பாதுகாப்பு எண்டு வாகரைக்கு ஓடி, அங்கயும் ஷெல் விழக் கண்ட உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

2016 ஒக்ரோபரில பாட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனா. அப்ப பகலில போய் வரலாம், பதிஞ்ச ஊர்ச்சனம் மட்டும்தான் இரவு தங்கலாம். மலை ஏறி ஒரு மணித்தியால ஓட்டம். வெள்ளாமை வயல் எல்லாம் கறுத்தப் பையால நிறைஞ்சு கிடந்தது. சுரண்டி அள்ளின மண், ஒரு பைக்குள்ள ஒரு கன மீற்றர். நாலைஞ்சு அடுக்கா அடுக்கி மேல பச்சைப் படங்கு போட்டு மூடி, ஒரு வயல் இல்லை ரெண்டு வயல் இல்லை, பாக்கிற திக்கெல்லாம். "பாட்டன் காலத்தில இருந்து எரு போட்டு ஆக்கின மண், அந்தப் பைக்குள்ள இருக்கு" எண்டா. ரோட்டோரத்தில கதிர்வீச்சு அளக்கிற, சூரியத் தகடு வச்ச பெட்டியில சிவப்பு எழுத்தில எண் மின்னிக்கொண்டு நிக்குது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் பழக்கத்தில சப்பாத்தைக் கழட்டினன். பாட்டி வேண்டாம் எண்டு தடுத்து, தன்ர பையில இருந்து சப்பாத்துக்கு மேல போடுற பிளாஸ்டிக் உறை ரெண்டு சோடி எடுத்தா. உள்ளுக்க எலி ஓடி, பாய் எல்லாம் புழுக்கை, கூரை ஒழுகி மூலையில பூஞ்சணம். எனக்குப் போட்டுவிட்டிட்டு தானும் போட்டா. போட்டவ உள்ளுக்குப் போகேல்ல. அந்த நடைப்படியில ஒரு காலைத் தூக்குறா, பிறகு கீழ வைக்கிறா. அவை பாயில ஒருநாளும் சப்பாத்தோட ஏறமாட்டினம், எங்களை விட மோசம் அதில. அம்பது வருசமா முழந்தாளில நிண்டு துடைச்ச வீடு. கடைசியா ஏதோ மெல்லமாச் சொல்லி, குனிஞ்சு கும்பிட்டிட்டுத்தான் ஏறினா. என்ன சொன்னீங்க எண்டு பிறகு கேட்டன். வீட்டிட்ட மன்னிப்புக் கேட்டவவாம்.

தம்பி, உங்கட மூண்டாம் கேள்விக்கு என்னட்ட இருக்கிற பதில் இதுதான். அந்த வீட்டுக்காரிக்கே உள்ளுக்குப் போகக் கால் கூசினது. வழிப்போக்கர் கமெராவோட ஏறுறதுக்கு நான் எப்பிடிச் சரி எண்டு சொல்லுவன்?

ரெண்டாவது கேள்விக்கும் சொல்லிவிடுறன். ஆறாம் இலக்க வீதி 2014 செப்டெம்பரிலேயே காருக்குத் திறந்தது. ஈத்தாத்தேயின்ர பெரும்பகுதி 2017 மார்ச் 31 வெளியேற்ற உத்தரவில இருந்து விடுபட்டுது, அங்க நாகதோரோ பக்கத்தில ஒரு பகுதி 2023இலதான் விடுபட்டுது. ஃபுதபாவில 2022 ஓகஸ்டில ஒரு பகுதி. திரும்ப ஏலாத வலயம் எண்டு இன்னும் இருக்கு, அதுக்குள்ள போக அனுமதி வேணும், ஒழுங்கை வாசலில கம்பித் தடுப்பு நிக்கும், அதைத் தாண்டக்கூடாது. விடுபட்ட ஊரிலயும் பூட்டின வீடு ஆற்றையோ வீடுதான்.

போகக்கூடிய இடம் இருக்கு. நமியேயில உகேதோ ஆரம்பப் பள்ளிக்கூடம், கடலுக்கு 300 மீற்றர். சுனாமி மேல்மாடி வரை ஏறினது. பிள்ளைகளை வாத்திமார் மலைக்கு நடத்திக்கொண்டு போய் ஒரு பிள்ளையும் சாகாமக் காப்பாத்தினவை. 2021இல இருந்து பாக்க விடுகினம். 2004 மார்கழியைக் கண்ட எங்களுக்கு அதைப் பாத்திட்டு உடன வெளிய வர ஏலாது. ஃபுதபாவில நினைவு அருங்காட்சியகம் ஒண்டும் இருக்கு, அங்க அந்த ஊர்ச் சனமே தங்கட வாயால கதை சொல்லுவினம். இடம்பெயர்ந்த களைப்பிலயும் நோயிலயும் மனவுடைவிலயும் ஃபுக்குஷிமா மாகாணத்தில 2,300 பேருக்கு மேல செத்திருக்கினம், சுனாமி நேரடியாக் கொண்டு போனதை விடக் கூட. வெற்று வீட்டை வீடியோ எடுத்தா இது தெரியாது.

பதில் 3: திருமலைப் பொடியன், லண்டன்

நான் 2019இல உக்ரேனில அணு உலை வெடிச்ச செர்னோபில் போனனான். அக்கா சொன்னதோட ஒரு விசயம் சேக்கிறன். அந்த உலைக்குப் பக்கத்து ப்ரிப்யாத் நகரம் பற்றி எல்லாரும் கதைப்பினம். 1986 ஏப்ரல் 26 விடியப்புறம் உலை வெடிச்சு, அடுத்தநாள் மத்தியானத்துக்குப் பிறகு பஸ்ஸில ஏத்தினது, மூண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்க எண்டு சொல்லி. சம்பூரானும் ரெண்டு மூண்டு நாள் எண்டு எழுதினதை வாசிக்கேக்க நெஞ்சில இடிச்சது.

என்னால மறக்க ஏலாதது கொப்பாச்சி எண்ட கிராமம். வீடுகளை இயந்திரத்தால இடிச்சு அந்தந்த இடத்திலேயே தாட்டுப்போட்டாங்க. புல் முளைச்ச மேடுகள், ஒவ்வொண்டிலயும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை. பாலர் பாடசாலை மட்டும் மிச்சம். உள்ளுக்க கட்டிலில ஒரு பொம்மை, யன்னல் வெளிச்சம் முகத்தில விழுற மாதிரி. நான் படம் எடுத்திட்டன். பிறகுதான் வழிகாட்டி சொன்னார், பொம்மையை அப்பிடி வச்சது வந்து போறவங்கள் எண்டு. ஒவ்வொருத்தரும் தங்கட படத்துக்கு ஏத்த மாதிரித் தூக்கி வைக்கிறாங்கள். அந்தப் படத்தை நான் அழிச்சுப்போட்டன். வீடியோ போடுற தம்பிக்கு இதைச் சொல்லுங்க. 2022இல போர் தொடங்கினதில இருந்து அங்க சுற்றுலா நிண்டுபோச்சு.

சம்பூரான்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு முழுத்திரியையும் தம்பிக்கு அனுப்பினன். விடிய எடுத்தான். அறையில எல்லாரும் வாசிச்சவங்களாம், வீட்டுக்குள்ள போற கதை இனி இல்லை. வீடியோ போடுற பொடியன் வவுனியாக்காரன், அவன்ர அம்மப்பாட காணியும் இன்னும் விடுபடேல்லயாம். எனக்கு அது தெரியாது. தம்பிக்கே தெரியாது. உகேதோ பள்ளிக்கூடம் போறம், அருங்காட்சியகமும் போறம்.

உவர்மலை அண்ணா, கணக்கை விளங்கிற மாதிரிச் சொன்னதுக்கு நன்றி, அம்மா அதை வாசிச்ச பிறகுதான் போகச் சம்மதிச்சா. உப்புவெளி அக்கா, அந்தப் பாட்டி இப்ப எங்க? அந்த வீடு?

உப்புவெளி அக்கா

தம்பி, அந்த வீட்டை 2017இல இடிச்சிட்டாங்க. அரசாங்கமே இடிச்சுக் குடுத்தது, திருத்த ஏலாத நிலைமை. பிறகு அதே வளவில ரெண்டு அறையோட சின்ன வீடொண்டு கட்டி பாட்டி திரும்பிப் போயிட்டா. பிள்ளைகள் வரேல்ல. அக்கம்பக்கத்தில மூண்டு வீட்டில ஆள் இருக்கு, எல்லாம் வயசானதுகள்.

நேற்று அவவோட கதைச்சன். உங்கட அப்பா கண்டுக்குட்டியள்ட கயிறு அறுத்த கதையைச் சொன்னன். கொஞ்சநேரம் சத்தமில்லை. அவவின்ர மனிசனும் மாடு வளத்தவர். போகச் சொன்ன நேரம் எல்லாத்தையும் வித்துக் குடுத்திட்டு, லொறி போன பிறகு வெறுங்கொட்டிலைக் கழுவிக்கொண்டு நிண்டவராம். "அந்தப் பொடியன் வந்தா என்ர வீட்டுக்கு வரச்சொல்லு, மாடு திரும்பக் கிடைச்சதா எண்டு கேக்கணும்" எண்டா. விலாசத்தை உங்களுக்குத் தனியா அனுப்புறன். ரெண்டு பேருக்கு மேல போகாதேங்க, அவவுக்கு வயசு போயிட்டுது.

சாப்பாட்டுச் சாமான் கொண்டு போக வேண்டாம், விமான நிலையத்தில பிரச்சினை வரும். மூதூர்ப் பக்கம் பின்னுற பனையோலைப் பெட்டி ஒண்டு கொண்டு போங்க. அந்த ஊரில "மதேய்" எண்டு ஒரு சொல் இருக்கு, ரெண்டு கையாலயும் எண்ட அர்த்தம், எதையும் கவனமா மனசு வச்சுச் செய்யிறதுக்குச் சொல்லுவினம். பெட்டியை ரெண்டு கையாலயும் குடுங்க. நவம்பரில மலையில குளிர் கடுமை, தடிச்ச காலுறை எடுங்க. வாசலில சப்பாத்தைக் கழட்டணும். இப்ப அந்த வீட்டில கழட்டலாம்.